அத்தான் ஓட்டை போடாத பலகை

அன்றைக்குக் கடற்கரையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அவருடைய கூட்டாளியான, மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து டெம்போ ஓட்டுகிற அண்ணன், பிறகு நான். அக்கா இல்லை. அவள் தாராவியில், ஏழு மணித் தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தாள். வசாயில் ஒரு கோயிலுக்கு மாதா சிலையை, எங்கள் பேச்சில் சுரூபத்தை, கொண்டுபோய் இறக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தோம். அது பொய்யும் இல்லை. சுரூபம் போனது. சுரூபத்துக்குப் பக்கத்தில் பழைய போர்வை சுற்றி இன்னொன்றும் டெம்போவில் போனது என்பதைத்தான் சொல்லவில்லை.

அத்தானுக்கு ஃபைபர் பட்டறை. கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே வீடு. தண்ணீர்த் தொட்டி, தொட்டி மூடி, துணிக்கடைப் பொம்மை, கோயில் சுரூபம் என்று எது கேட்டாலும் செய்வார். அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். அப்பாவும் அம்மாவும் ஊரோடு போய்விட்டதால் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மூன்று வருடக் கட்டணமும் அத்தானின் வலது கையிலிருந்து வந்தது. அந்தக் கையில்தான் அவர் பிரஷ் பிடிப்பார். ரெசினில் ஹார்டனர் கலந்துவிட்டால் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். அதற்குள் ‘மேட்’ என்கிற கண்ணாடி நார் விரிப்பை அச்சில் விரித்து, பிரஷால் குத்திக் குத்தி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியேற்ற வேண்டும். பட்டறையில் இன்னும் இரண்டு ஆட்கள் உண்டு. ஆனால் மாதாவின் முகத்தையும் விரல்களையும் அத்தான்தான் செய்வார். மற்றவர்கள் கை பட்டால் மாதா நம்மைத் திட்டப்போகிற மாதிரி ஆகிவிடுவாள் என்பாள் அக்கா. செப்டம்பர்த் திருவிழாவுக்கென்று ஆறு சுரூபத்துக்கு அட்வான்ஸ் வேறு வாங்கியிருந்தார்கள், வசாய்க்குப் போனது அதில் முதலாவது.

எனக்கு இந்தப் பைத்தியம் ஆபீஸ் மூலமாகப் பிடித்தது. செம்பூரில் நான் வேலை பார்க்கிற அலுவலகத்தில் ஒரு வருடம் எல்லோரையும் நாலாசோப்பாராவுக்கு மேற்கே ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அலைச்சறுக்கு சொல்லித் தருகிறார்கள். கூட வந்தவர்கள் பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அதோடு விட்டுவிட்டார்கள். நான் மறுபடியும் போனேன். அதற்காகவே மாநகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்து, இருபத்து மூன்று வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நீந்தக் கற்றுக்கொண்டேன்.

எதையும் பரீட்சைக்குப் படிப்பது போலத்தான் எனக்குப் படிக்கத் தெரியும். சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்குகிற வரை போனில் அதையேதான் வாசித்தேன். பழைய பாணி நீளப் பலகையின் நன்மைகள் இந்தப் பக்கம், தீமைகள் அந்தப் பக்கம் என்று நோட்டில் கோடு கிழித்து எழுதினேன்.

நன்மைப் பக்கம் சீக்கிரம் நிறைந்தது. நம் பக்கத்துக் கடலில் அலைக்கு வலு கிடையாது. இடுப்புயரம் எழும்பிச் சோம்பலாகச் சரிந்துவிடும். குட்டைப் பலகை அதில் நகராது. நீளப் பலகை அலை உடைவதற்கு முன்பே, தண்ணீர் சும்மா வீங்கி வரும்போதே, அதைப் பற்றிக்கொள்ளும். ஆடாது. எழுந்து நிற்க நேரம் கொடுக்கும். என்னைப் போல எங்கே காலை வைப்பது என்று யோசித்து வைக்கிறவனுக்கு அந்த இரண்டு விநாடி பெரிய வரம். நன்றாகப் பழகியவர்கள் ஓடுகிற பலகையின் மேலேயே நுனிவரை நடந்துபோய்த் திரும்பி வருகிறார்கள், மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறவர்கள் மாதிரி.

தீமைப் பக்கத்தை எனக்கு எழுதித் தந்தவர், அந்தக் கடற்கரையில் சொல்லிக் கொடுக்கிறவர். அந்த ஊர் மீனவக் குடும்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். "அது லாரி, பாய்," என்றார் இந்தியில். "சரக்கு ஏத்தின லாரி. டிரைவர் குதிச்சிட்டாலும் அது நிக்காது." நீளப் பலகையைச் சட்டென்று திருப்ப முடியாது. எதிரே நுரை உருண்டு வந்தால் குட்டைப் பலகையைப் போல அமுக்கித் தண்ணீருக்கடியில் கொண்டுபோக முடியாது. கவிழ்த்துப் போட்டு அதற்கடியில் தொங்க வேண்டும். காற்றடித்தால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ரயிலில் ஏற்ற முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதற்கு இடம் கொடுத்தால் ஆட்களுக்கு இடம் இருக்காது.

கயிறு விஷயம் ஒன்று உண்டு. இப்போது செய்கிற பலகைகளில் வால் பக்கம் சின்னதாக ஒரு குழி இருக்கும். அதில் கயிறு மாட்டி மறுமுனையைக் காலில் கட்டிக்கொள்வார்கள். ஆள் விழுந்தாலும் பலகை தனியாக ஓடாது. பழைய பாணிக்காரர்கள் கயிறு வேண்டாம் என்பார்கள். பலகையில் நடக்கும்போது காலில் சிக்கும். கயிறு இல்லாவிட்டால்தான் பலகையை விடாமல் பிடிக்கிற புத்தி வரும். இதை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதிவைத்தேன்.

பலகை எங்களைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தாராவிக்கு எல்லாப் பழைய சாமானும் வந்து சேரும். ஒரு நாள் பங்கார்க் கடைக்காரர், ஊர்ப்பக்கம் காயலான் கடை என்பார்களே அதுதான், ஏதோ ஃபைபர் சாமான் என்று அத்தானிடம் கொண்டுவந்து போட்டார். ஒன்பதரை அடி. மூக்கு உடைந்து, உள்ளே மஞ்சள் ஃபோம் பஞ்சு தெரிந்தது. சந்துக்குள் அதைத் திருப்ப முடியாமல் நானும் அத்தானும் நின்றபோது எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள்.

"சவப்பெட்டி மூடியா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அளவு பாக்கோம், கொஞ்சம் வெளிய வாங்க," என்றார் அத்தான்.

"நீளம் பத்தாதுடே எனக்கு," என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது சர்ஃப் பலகை, அதுவும் பழைய பாணி என்று நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருந்ததோ, அத்தான் என் முகத்தையே பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பூசைக்கு மட்டம் போட்டுட்டுப் போறது இதுக்குத்தானா?"

"ஆமா அத்தான்."

"சரி விடு, மாப்ள. நான் பாத்துக்கிடுதேன்."

பங்கார்க் கடைக்காரரிடம் தன் பட்டறைக் கழிவைக் கொடுத்து அதற்கு ஈடாகப் பலகையை வாங்கிக்கொண்டார். முதலில் உடைந்த இடத்தில் ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பார்த்தார். தெர்மோகோலாக இருந்தால் கரைந்துவிடும். கரையவில்லை. "நல்ல சாமான்," என்றார். அதற்குப் பிறகு நான் ஆபீஸ் போய் வருகிற நேரத்தில் அவர் பாட்டுக்கு வேலை செய்தார். மூக்கில் பஞ்சு நிரப்பி மூடினார். மூடிய இடத்தில் மேட் வைத்தார். வைத்தவர் நிறுத்தவில்லை. பலகை முழுவதும் ஒரு மேட், அதன்மேல் இன்னொரு மேட். தொட்டிக்குப் போடுவது மாதிரி. மாதாவின் அங்கிக்குக் கலக்கிய நீலம் மிச்சம் இருந்ததைப் பூசினார். நாலு நாளில் சுரூபங்களுக்கு மேலே, கூரைக் கம்பியில், பலகை நீலமாகத் தொங்கியது.

பங்கார்க் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். வந்தபோது பத்துக் கிலோ இருந்தது இப்போது பதினேழு.

"கனம் கூடிட்டே அத்தான்."

"கனம் இருந்தாத்தாம்ல தாங்கும். லாரி ஏறினாலும் ஒடையாது, பாக்கியா?"

நான் பார்க்கவில்லை. வால் பக்கத்தைத் திருப்பினேன். குழி இல்லை. முதலிலிருந்தே இல்லை, பழைய பலகை அது.

"அத்தான், இங்க ஒரு ஓட்ட போடணும். கயிறு மாட்ட."

அவர் கையிலிருந்த டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஓட்டையா? முடிச்ச பீஸ்லயா?"

"சின்ன ஓட்டதான். அதுல ஒரு கப்பு மாதிரி வச்சு, சுத்தி அடைச்சிருவாங்க."

"அடைக்கதுக்கு எதுக்குப் போடணும்?"

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. "இங்க பாரு மாப்ள. ஒரு சொட்டு ஒழுகக் கூடாதுன்னு பதினெட்டு வருசமா தொழில் பண்ணுதேன். ஒழுகுற சாமான் ஒண்ணு இந்தப் பட்டறையிலேருந்து போயிருக்கா, கேட்டுப் பாரு. நீ படிச்ச பிள்ள. தண்ணிக்குள்ள போற சாமான்ல ஓட்ட போடச் சொல்லுத."

அந்த இடத்தில் நான் விடாமல் சொல்லியிருக்க வேண்டும். லாரி என்று சொன்னவரைப் போனில் கூப்பிட்டு அவரிடமே பேசவைத்திருக்கலாம். ஆனால் என் அத்தானிடம் நான் இதுவரை எதற்கும் மறுத்துப் பேசியதில்லை. பேசுகிற வாயே அவர் கட்டிய காலேஜ் கட்டணத்தில் வந்தது, அந்தக் கடன் இருக்கிறது. அதனால் நோட்டின் நடுக்கோட்டில் இருந்ததை எடுத்து, "பழைய முறையில கயிறு இல்லாமத்தான் ஓட்டுவாங்க அத்தான், பரவாயில்ல," என்றேன். அவருக்குச் சந்தோஷம். "அதச் சொல்லு!" என்று முதுகில் தட்டினார்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு படபடப்பு. யார் மேலாவது மோதும் என்று தெரியும், யார் மேல் என்றுதான் தெரியாது. ஆபீஸில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் நிற்கிற ஏதோ ஒரு பிள்ளையின் தலை தெரியும். மே மாதம் முடிய இரண்டே ஞாயிறுகள் இருந்தன. மழை தொடங்கிவிட்டால் கடலில் இறங்க விடமாட்டார்கள். அதற்குள் போகாமலே இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காது என்றும் நினைத்தேன். அத்தான் விடவில்லை. தான் செய்த சாமான் தண்ணீரில் ஓடுவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. அக்காவிடம் சொன்னால் கடல் என்ற வார்த்தைக்கே அழுவாள் என்று சுரூபம் இறக்கப் போகிற நாளையே தேர்ந்தெடுத்தார்.

விடிகிற நேரத்தில் கிளம்பினோம். டெம்போ அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாதாவும் சர்ஃபிங் வர்றாங்களா?" என்றார்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடே," என்றார் அத்தான்.

"நீச்சல் தெரியுமாய்யா உனக்கு?"

"நான் எதுக்கு நீந்தணும்? என் சாமான் மெதக்கும்."

"சாமான் மெதக்கும். நீ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் பலகை ‘டம்’ என்று அடித்தது. அந்தச் சத்தத்திலேயே அதன் கனம் தெரிந்தது. நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். ஆள் இல்லாத பக்கமாகப் போக வேண்டும். விழுந்தால் பலகையைக் கட்டிப்பிடித்தபடி விழ வேண்டும். அத்தான் உலர்ந்த மணலைத் தாண்டக் கூடாது.

வசாயில் சுரூபத்தை இறக்கினோம். கோயில் ஆட்கள் மாதாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்கள். ஒரு பாட்டையா கையை எடுத்துக் கும்பிட்டார். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் போய்விட்டோம்.

சவுக்கு மரங்கள், மணல், இடது பக்கம் கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல் வரிசை. வகுப்புப் பிள்ளைகள் வலது பக்கம் தூரமாக இருந்தார்கள். சொல்லிக் கொடுக்கிறவர் வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், பிறகு வாலைத் திருப்பிப் பார்த்தார்.

"லீஷ் எங்கே? கால் கயிறு?"

"இல்லை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்போ பிள்ளைகள் இருக்கிற பக்கம் வராதே. இடது பக்கம் போ. கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி." நான் தலையாட்டினேன். என்னைத் தவிர இன்னொருவரும் பயப்படுகிறார் என்பதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அத்தான், இந்த மணல்லேயே நில்லுங்க. தண்ணிக்குள்ள வராதீங்க."

"நான் எங்க வாறேன். வீடியோ எடுக்கேன், போ." போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

பதினேழு கிலோவை நுரை தாண்டி உள்ளே கொண்டுபோவதற்குள் தோள் கழன்றுவிட்டது. மூன்று தடவை கவிழ்த்துப் போட்டு அடியில் தொங்கினேன். மூக்கிலெல்லாம் உப்பு. ஆனால் உள்ளே போய்ப் படுத்துக் கையால் துழாவினதும் அது நகர்ந்த விதம் இருக்கிறதே, நான் வகுப்பில் ஓட்டிய எந்தப் பலகையும் அப்படி நகர்ந்ததில்லை. ஒரு தள்ளுக்கு மூன்று தள்ளு தூரம் போனது. கனமே அதற்கு வேகமாகிவிட்டது. அத்தான் தப்பாகச் செய்த சாமான் தண்ணீரில் சரியாக ஓடியது. முதல் அலையில் எழுந்து நின்று விழுந்தேன், பலகையைக் கட்டிப்பிடித்தபடி. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கரைவரை போனேன். கரையில் டெம்போ அண்ணன் விசிலடித்தார். அத்தான் முழங்கால்வரை தண்ணீருக்குள் வந்திருந்தார்.

"பின்னால போங்க அத்தான்!"

"போறேன் போறேன், நீ இன்னொண்ணு அடி!"

அப்போது நான் இறங்கி அவர் கையைப் பிடித்து மணலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். திரும்பி உள்ளே போனேன். ஆசைதான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் எவ்வளவோ முயன்றுவிட்டேன்.

நாலாவது அலை நன்றாக வந்தது. நின்றேன். பலகை ஆடவில்லை. படபடப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு உடம்புக்குள் சத்தமே இல்லாமல் இருந்தது. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தேன். இரண்டாவது அடியும் வைத்தேன். மூன்றாவது அடி நான் யோசிக்காமல் வைத்த அடி. பாதம் வழுக்கியது. கட்டிப்பிடிக்கக் கை நீட்டியபோது பிடிக்க ஒன்றும் இல்லை.

தலையை வெளியே எடுத்தபோது பலகை தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நேராக அத்தான் மேல் போகவில்லை. அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், அக்காவிடமும் சொன்னேன். அது அவருக்கு இடது பக்கமாக, கருங்கல் வரிசையைப் பார்த்துப் போனது. அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் இரண்டு முழம் தள்ளிப் போயிருக்கும். வேறு யாராக இருந்தாலும் பின்னால்தான் குதித்திருப்பார்கள்.

ஃபைபர் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. அச்சிலிருந்து கழற்றிய பீஸ் ஸ்டாண்டிலிருந்து சரிந்தால், பக்கத்தில் இருக்கிறவர் கையை நீட்டிவிடுவார். தரையில் விழுந்தால் மேல்பூச்சு தெறித்துவிடும், நாலு நாள் வேலை போய்விடும். "கையில விழட்டும், கால்ல விழட்டும், தரையில விழக் கூடாது," என்று புது ஆட்களுக்கு அத்தான் சொல்வதை மேலே வீட்டிலிருந்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பீஸ் சரிந்தால் யோசிக்க மாட்டார்கள், கை தானாகப் போகும்.

அத்தான் இரண்டு எட்டு வைத்துப் பலகைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. டெம்போ அண்ணன் கத்தியது கேட்டது. பலகையின் மூக்கு, அவர் கட்டி எழுப்பிய அதே மூக்கு, அவருடைய வலது கையில் மோதி, கையைப் பின்னால் மடக்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார். இடுப்பளவுகூட இல்லாத தண்ணீரில் அடுத்த அலை அவர் தலைமேல் போனது. நானும் டெம்போ அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து மணலில் போட்டோம். பலகை கல்லில் மோதவே இல்லை. அவர்மேல் மோதியதில் வேகம் குறைந்து மணலில் ஏறிக் கிடந்தது.

"ஒடஞ்சிட்டா?" என்றார் அத்தான்.

அவர் மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. "ஆமா அத்தான்," என்றேன்.

"அய்யோ, மூக்கா?"

அவர் பலகையைக் கேட்டார் என்று புரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

சொல்லிக் கொடுக்கிறவர் ஓடிவந்து ஒரு மரத்துண்டை வைத்துக் கையைக் கட்டினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள்: மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில், கட்டைவிரல் அடியில் ஒரு இடத்தில். பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் பின்னால் பலகை அடித்துக்கொண்டே வந்தது. அதை விட்டுவிட்டு வரவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

சந்து முனையிலேயே ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் வந்தது. அக்கா ஏணி வழியாக இறங்கி வந்தாள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அத்தானின் கட்டைப் பார்த்தாள். ஈரச் சட்டையைப் பார்த்தாள்.

"ஏங்க, சுரூபம் விழுந்திட்டா?"

"மாதாவுக்கு ஒண்ணும் ஆகல. பத்திரமா எறங்கிட்டா," என்றார் அத்தான். அவரால் சிரிக்க முடிந்தது.

டெம்போ அண்ணன்தான் எல்லாம் சொன்னார், கரையில் கேட்ட கயிறு விஷயம் உட்பட. அவள் அழவில்லை. பட்டறைக்குள் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் செய்யாத ஐந்து சுரூபங்கள் சுவரோரம் நின்றிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏல, கயிறு கட்டினா இது ஓடாதுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னேன். ஓட்ட போட மாட்டேன்னாங்க."

"அவருக்குத் தொட்டி செய்யத் தெரியும், சுரூபம் செய்யத் தெரியும். இது தெரியாது. தெரியாதவங்க அப்படித்தாம்ல சொல்லுவாங்க. தெரிஞ்சவன்தான் விடக் கூடாது. அதுக்குத்தானல ஒன்னப் படிக்க வச்சுது?"

"நீ சும்மா இரு," என்றார் அத்தான். "அவன் சொல்லத்தான் செஞ்சான்." என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன அந்த வார்த்தை அக்கா சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

திலக் நகரில் டெம்போ அண்ணனுக்குத் தெரிந்த ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் நல்லவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை. "பிரஷ் பிடிக்க முடியுமா டாக்டர்?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "பார்க்கலாம்," என்று அவரும் ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஆறு வாரம் கையில் கட்டு இருந்தது. பட்டறை ஆட்கள் தொட்டி வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சுரூபத்துக்கு முகம் செய்தும் பார்த்தார்கள். வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, வேண்டாம் என்றார்கள். ஐந்துக்கும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம்.

கட்டுப் பிரித்த அன்று அத்தான் சட்டைப் பையில் தன்னுடைய இரண்டு இஞ்சுப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அத்தான் பேனாவை வாங்காமல் பிரஷ்ஷை எடுத்தார். கை வெளுத்து, சுருங்கி, வேறு யாருடைய கை மாதிரியோ இருந்தது. பிரஷ் இரண்டு விநாடி நின்றது. பிறகு மேஜையில் விழுந்து உருண்டது. கீழே விழாமல் பிடிக்க நான் கையை நீட்டினேன். அத்தானும் நீட்டினார், இடது கையை.

"மொத நாள்தான மாப்ள," என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

அதன் பிறகு தினமும் காலையில் ஒரு ஈரத் துணியைப் பிழியச் சொன்னார்கள். நான் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். முதல் வாரம் துணியிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. ஆகஸ்டில் சொட்டியது. அக்காவுக்குப் பெண் பிறந்த வாரம், பிள்ளையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் அதன் காலைப் பிடித்துப் பார்த்தார், விரல் எவ்வளவு மடங்குகிறது என்று.

சொல்லிக் கொடுக்கிறவருக்கே பலகையை விற்றுவிட்டோம். டெம்போவில் ஏற்றுவதற்கு முன் அத்தான் பட்டறை ஆளை டிரில் கொண்டுவரச் சொன்னார். வாலில் எந்த இடம் என்று என்னிடம் கேட்டார். நான் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஓட்டை போடுகிறபோது அவர் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடற்கரைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றாமலும் இல்லை. அந்த நாலாவது அலையின் மூன்று அடிகளைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் அது நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

அத்தானின் கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பிரஷ்ஷை இரண்டு விரலுக்கு நடுவில், பீடி பிடிப்பது போலப் பிடிக்கிறார். தொட்டிக்கு அது போதும். முகத்துக்குப் போதுமா என்று இந்த வருடம் திருவிழாவுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு ஆர்டர் எடுத்திருக்கிறார், அக்கா வேண்டாம் என்று சொல்லியும். ஆஸ்பத்திரி, மருந்து, திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து, பலகை விற்ற பணத்தைக் கழித்தது போக, எங்களுக்கு ஆன செலவு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.